பிழை விட்டவர் யார்?

கத்தாரில் தொழில் செய்யும் என் தம்பி கடந்த முறை விடுமுறையில் வந்தபோது உம்மாவுக்கு ஒரு புதிய கையடக்கத் தொலைபேசி கொண்டுவந்து கொடுத்தார். முகம் பார்த்துப் பேசலாம், பேரப்பிள்ளைகளைக் காணலாம் என்று உம்மாவுக்குப் பெரும் சந்தோஷம். வெள்ளிக்கிழமை இரவுகளில் அழைப்பதாகச் சொல்லிவிட்டுத் தம்பி போய்விட்டார்.

முதல் வெள்ளிக்கிழமை தொலைபேசி ஒலித்தது. திரையில் பச்சை நிற வட்டம் ஒன்று தோன்றியது. உம்மா அதை அழுத்தினார். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாக அழுத்தினார். அப்போதும் நடக்கவில்லை. ஒலித்து ஒலித்து அது நின்றுவிட்டது. சற்று நேரத்தில் தம்பி என்னை அழைத்து, "உம்மாவுக்கு என்ன? சுகமில்லையா?" என்று பதறிப்போய்க் கேட்டார்.

நான் போய்ச் சொல்லிக் கொடுத்தேன். "அமத்த வேணாம் உம்மா. விரல வச்சி மேல இழுங்க." அடுத்த வாரமும் அதே கதைதான். மூன்றாம் முறை, பாடம் மனனமிடாமல் வந்த முதலாம் வருட மாணவனிடம் பேசும் குரலில் நான் பேசிவிட்டேன். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. தொலைபேசியை ஒரு கைக்குட்டையில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, "இது படிச்ச ஆக்கள்ட சாமான் மகன். எனக்கு மூள காணாது" என்றார்.

அன்பான வாசகர்களே, அந்த வார்த்தை என்னைப் பல நாட்கள் தூங்க விடவில்லை. என் உம்மா நாற்பது வருடங்களாகக் கால்மிதித் தையல் இயந்திரம் ஒன்றை ஓட்டி எங்களைப் படிக்க வைத்தவர். இன்றும் அதைக் கழற்றி எண்ணெய் போட்டுத் திரும்பப் பூட்டுவது அவர்தான். ஊரில் யார் யாருக்கு எவ்வளவு தையல் கூலி பாக்கி என்பது கொப்பியில் அல்ல, அவரது தலையில் இருக்கிறது. அப்படிப்பட்ட ஒருவருக்கா மூளை காணாது?

உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருப்பார். வங்கி இயந்திரத்தின் முன்னால் நின்று கொண்டு பின்னால் நிற்பவரிடம் அட்டையை நீட்டும் வாப்பா, இணையத்தில் ஒரு படிவம் நிரப்புவதற்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கூப்பிடும் சாச்சி. ஒரு வேளை அது நீங்களாகவும் இருக்கலாம். எல்லோருமே சொல்வது ஒன்றைத்தான்: "எனக்கு இது விளங்காது."

அந்த வசனம் உண்மையா என்று விசாரிக்கும் ஒரு துறை இன்று வளர்ந்திருக்கிறது. பட்டணங்களில் எமது பிள்ளைகள் "யூ.ஐ., யூ.எக்ஸ். படிக்கிறோம்" என்று பாடநெறிகளில் சேர்கிறார்களே, அதுதான். என்ன படிக்கிறார்கள் என்று பெற்றோருக்கு விளங்குவதில்லை. 'படம் கீறுவது' என்று நினைத்துக் கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

யூ.ஐ. என்பதைத் தமிழில் பாவனையாளர் இடைமுகம் எனலாம். மனிதனும் பொருளும் முகத்துக்கு முகம் சந்திக்கும் இடம் அது. பொத்தான், எழுத்து, நிறம், ஒலி, பிடி எல்லாம் அதில் அடங்கும். யூ.எக்ஸ். என்பது பாவனையாளர் அனுபவம். ஒரு தேவை தோன்றியதிலிருந்து அது நிறைவேறி நாம் திரும்பும் வரைக்கும் எமக்கு நேர்வது முழுவதும் அதற்குள் வரும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டுக்கு வங்கிப் பண இயந்திரம் நல்ல உதாரணம். ஆரம்ப காலத்தில் பல இயந்திரங்கள் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகே அட்டையை வெளியே தள்ளின. மக்கள் பணத்தை எடுத்துக் கொண்டு அட்டையை மறந்துவிட்டுப் போனார்கள். திரை தெளிவாகத்தான் இருந்தது, எழுத்தும் பெரிதாகத்தான் இருந்தது. ஆனால் வந்த காரியம் பணம் எடுப்பது. பணம் கைக்கு வந்ததும் 'காரியம் முடிந்தது' என்று மனம் சொல்லிவிடும், கால் தானாக நடந்துவிடும். 'அட்டையை மறக்க வேண்டாம்' என்று அறிவித்தல் ஒட்டி இதைத் தீர்க்க முடியவில்லை. அட்டையை எடுத்தால்தான் பணம் வரும் என்று ஒழுங்கை மாற்றிய பிறகே அந்தப் பிழை குறைந்தது. திரையின் தெளிவு இடைமுகத்தைச் சேர்ந்தது. எது முன்னால், எது பின்னால் என்ற ஒழுங்கோ அனுபவத்தைச் சேர்ந்தது.

விமானிகளின் கைகள்

இந்தத் துறை கணனியோடு பிறந்ததல்ல. அதன் வேர்களில் ஒன்று இரண்டாம் உலகப் போரில் இருக்கிறது.

ஐக்கிய அமெரிக்காவின் பி-17 என்னும் குண்டு வீச்சு விமானம் அக்காலத்தில் பெயர் பெற்றது. ஆனால் விளங்காத ஒரு விபத்து அதற்கு அடிக்கடி நேர்ந்தது. போர்க்களத்திலிருந்து திரும்பி, பத்திரமாகத் தரையிறங்கி, ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போதே விமானி சக்கரங்களை உள்ளே இழுத்துவிடுவார். விமானம் வயிறு தரையில் உராய விழுந்துவிடும். 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோவையை மூடிவிடுவார்கள்.

அல்போன்ஸ் சாப்பானிஸ் என்ற இளம் உளவியலாளர் 1943 அளவில் இதை ஆராய்ந்தார். அவர் விமானிகளோடு நின்றுவிடாமல் விமானிகள் அமரும் இடத்தையும் போய்ப் பார்த்தார். சக்கரங்களை இயக்கும் சுவிச்சும், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடிப்புத் தகடுகளை இயக்கும் சுவிச்சும் பக்கத்தில் பக்கத்தில், ஒரே உருவத்தில் இருந்தன. தரையிறங்கிய பின் தகடுகளை மடிப்பதுதான் விமானியின் நோக்கம். களைத்துப்போன கை பக்கத்துச் சுவிச்சுக்குப் போய்விட்டது.

சாப்பானிஸ் செய்த பரிகாரம் மிகச் சாதாரணமானது. சக்கரச் சுவிச்சின் முனையில் ஒரு சிறிய சக்கரத்தையும், தகட்டுச் சுவிச்சின் முனையில் ஆப்பு வடிவத் துண்டு ஒன்றையும் பொருத்தினார். இப்போது கண்ணால் பார்க்காமலேயே விரல் வேறுபாட்டை உணர்ந்தது. அந்த விபத்து நின்றது. இன்று நீங்கள் கட்டுநாயக்கவிலிருந்து ஏறும் பயணிகள் விமானத்தின் முன்னறையை எட்டிப் பார்க்கக் கிடைத்தால், சக்கரங்களை இயக்கும் நெம்பின் தலை சிறு சக்கரம் போல் இருப்பதைக் காண்பீர்கள்.

போருக்குப் பின்னர் 1947 இல் போல் ஃபிட்ஸ், ஜோன்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 'விமானியின் தவறு' எனப் பெயரிடப்பட்ட 460 சம்பவங்களைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். ஒரே வகைத் தவறுகள் திரும்பத் திரும்ப வந்தன. ஒரு சுவிச்சை இன்னொன்றாக எண்ணியது அவற்றில் முக்கியமானது. கருவியின் அமைப்பே பலவற்றுக்குக் காரணமாக இருந்தது. ஒரு மனிதன் ஓரிடத்தில் தடுமாறினால் அவனைக் கேட்கலாம். நூறு பேர் அதே இடத்தில் தடுமாறினால் கேட்க வேண்டியது அந்த இடத்தை அல்லவா?

அணைந்த விளக்கு

படித்தவர்களுக்கு இப்படி நேராது என்று உம்மா நினைத்தார். நேரும். 1979 மார்ச் 28 ஆம் திகதி அதிகாலை, பென்சில்வேனியாவில் மூன்று மைல் தீவு அணுமின் நிலையத்தில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே கட்டுப்பாட்டு அறையில் இருந்தவர்கள் பயிற்சி பெற்றவர்கள். உலையில் அழுத்தம் கூடியபோது ஒரு வால்வு தானாகத் திறந்தது. பின்னர் அது மூடிக்கொள்ள வேண்டும், ஆனால் திறந்தபடியே சிக்கிவிட்டது. உலையைக் குளிர்விக்கும் நீர் அதன் வழியாக வெளியேறிக்கொண்டே இருந்தது. கட்டுப்பாட்டுப் பலகையிலோ அந்த வால்வுக்குரிய மின்குமிழ் அணைந்துவிட்டது. எனவே வால்வு மூடிவிட்டது என்று அவர்கள் நம்பினார்கள்.

'மூடு' என்ற கட்டளை போய்ச் சேர்ந்தது என்பதுதான் அந்த மின்குமிழ் அணைந்ததன் பொருள். வால்வு உண்மையில் மூடியதா என்பதை அது காட்டவேயில்லை. வீட்டில் மகனிடம் "கதவைப் பூட்டு" என்று சொல்லிவிட்டு, சொன்னதையே பூட்டியதாக எண்ணிக்கொண்டு உறங்கப் போவது போன்றது இது. நூற்றுக்கும் மேற்பட்ட எச்சரிக்கை ஒலிகளும் விளக்குகளும் ஒரே நேரத்தில் எழும்பின. எது முக்கியம், எது அற்பம் என்று பிரித்தறிய வழியில்லை. இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நீர் வெளியேறியது. உலையின் கருப்பகுதியில் ஏறத்தாழ அரைவாசி உருகிப்போனது. அந்த உலை அதன் பின் ஒருபோதும் இயங்கவில்லை.

அங்கே மனிதர்கள் ஏன் தவறினார்கள் என்று ஆராய அழைக்கப்பட்டவர்களில் டொனால்ட் நோர்மன் என்ற உளவியலாளரும் ஒருவர். அவரது எண்ணம் அங்கிருந்து சாதாரணக் கதவுகள், அடுப்புகள், மின் சுவிச்சுகள் பக்கம் திரும்பியது. அன்றாடப் பொருட்களின் உளவியல் பற்றி 1988 இல் அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூல்களில் ஒன்றாகிவிட்டது. 1993 இல் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தபோது 'பாவனையாளர் அனுபவம்' என்ற சொல்லைத் தன் பதவிப் பெயரிலேயே சேர்த்துக் கொண்டவரும் அவரே.

தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைபிடி பூட்டியிருந்தால் நாம் இழுக்கத்தான் செய்வோம். அப்படிப்பட்ட கதவை இன்று 'நோர்மன் கதவு' என்றே அழைக்கிறார்கள். மேலே 'தள்ளவும்' என்று எழுதி ஒட்டுவது அந்தக் கதவு தோற்றுப்போனதற்கு அத்தாட்சி. எமது வகுப்பறைகளின் சுவிச் பலகையையும் பாருங்கள். எட்டுச் சுவிச்சுகள் ஒரே வரிசையில். ஒரு மின்விசிறியைப் போடுவதற்கு எட்டையும் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்று மின்குமிழ்கள் அணைந்து எரியும், மாணவர்கள் சிரிப்பார்கள். பத்து வருடம் அதே அறையில் படிப்பிப்பவருக்கும் இன்று வரை மனனமாகவில்லை. அல்குர்ஆனையே மனனமிட்ட ஹாபிழ்கள் எங்களில் இருக்கிறார்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பெரிய வங்கிக்கும் இது நேர்ந்தது. 2020 ஓகஸ்டில் சிட்டி வங்கி, ரெவ்லொன் நிறுவனத்தின் கடன்காரர்களுக்கு வட்டியாக ஏறத்தாழ 78 இலட்சம் டொலர் அனுப்ப வேண்டியிருந்தது. அனுப்பப்பட்டதோ ஏறத்தாழ 90 கோடி டொலர். கணனித் திரையில் மூன்று கட்டங்களில் அடையாளமிட வேண்டிய இடத்தில் ஒன்றில் மாத்திரம் இட்டிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக மூவர் பார்த்து அனுமதித்த கொடுப்பனவு அது. மூவருக்கும் அந்த ஒன்றே போதும் என்றுதான் தோன்றியது. ஏறத்தாழ 50 கோடி டொலரைத் திருப்பித் தரச் சிலர் மறுத்தார்கள். 2021 இல் வங்கி வழக்கில் தோற்று, 2022 இல் மேன்முறையீட்டில்தான் வென்றது.

நல்ல எண்ணம் மட்டும் போதுமா?

2000 ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் புளோரிடா மாநிலத்தின் பாம் பீச் மாவட்டத்தில் முதியோர் அதிகம். அவர்கள் சிரமமின்றி வாசிக்கட்டும் என்று எழுத்தைப் பெரிதாக்கினார்கள். எழுத்துப் பெருத்ததால் பெயர்கள் ஒரு பக்கத்தில் அடங்கவில்லை, வலமும் இடமுமாக இரண்டு பக்கங்களில் அச்சிட்டார்கள். துளையிடும் இடங்களோ நடுவில் ஒரே வரிசை. இடப்பக்கத்தில் அல் கோரின் பெயர் இரண்டாவது, ஆனால் அவருக்குரிய துளை மூன்றாவது. இரண்டாவது துளை வலப்பக்கத்திலிருந்த பட் புக்கானனுக்கு உரியது. அந்த மாவட்டத்தில் புக்கானனுக்கு 3,407 வாக்குகள் கிடைத்தன. 19 ஆயிரத்துக்கும் அதிகமானோர் ஒன்றுக்கு மேற்பட்ட துளையிட்டு வாக்கை இழந்தார்கள். புளோரிடாவில் ஜோர்ஜ் புஷ் வென்ற வித்தியாசம் 537 வாக்குகள். அந்தச் சீட்டைத் தயாரித்தவர் முதியோருக்கு உதவவே நினைத்தார். அச்சிடுமுன் ஐந்தாறு முதியவர்களிடம் கொடுத்து, பேசாமல் பக்கத்தில் நின்று பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

நான் அரபு கற்பிப்பவன். ஆகையால் இதைப் படிக்கும்போது என் மனம் வேறோரிடத்துக்கும் போனது. ஆரம்ப கால அரபு எழுத்தில் புள்ளிகளும் உயிர்க்குறிகளும் வழக்கத்தில் இல்லை. பா, தா, ஸா, நூன், யா ஐந்தும் சொல்லின் நடுவில் ஒரே பல்லாகத்தான் எழுதப்படும். தாய்மொழியாகப் பேசியவர்களுக்கு அது தடையாக இருக்கவில்லை. அரபு அறியாத மக்கள் வந்து சேர்ந்தபோதுதான் பிழை வாசிப்புகள் பெருகின. அறிஞர்கள் வாசகனைக் கண்டிப்பதோடு நின்றுவிடவில்லை, ஏட்டையே மாற்றினார்கள். ஹிஜ்ரி 69 இல் மறைந்த அபுல் அஸ்வத் அத்துஅலீ வேறு நிற மையால் உயிரொலிகளுக்குப் புள்ளியிட்டதாகவும், பின்னர் நஸ்ர் இப்னு ஆஸிம் போன்றோர் எழுத்துக்களைப் பிரிக்கும் புள்ளிகளை இட்டதாகவும், ஹிஜ்ரி இரண்டாம் நூற்றாண்டில் கலீல் இப்னு அஹ்மத் இன்று நாம் காணும் குறிகளை அமைத்ததாகவும் வரலாற்றாசிரியர்கள் கூறுவர். இன்று கொழும்பிலோ காத்தான்குடியிலோ அரபு பேசத் தெரியாத ஏழு வயதுப் பிள்ளை பிழையின்றி ஓதுகிறதே, அது அந்தப் புள்ளிகளின் உதவியால்தான். அதேவேளை அரபு நாட்டுப் பத்திரிகைகளில் உயிர்க்குறிகளை மிக அரிதாகவே காண்பீர்கள். அங்கே வாசகர் வேறு, தேவையும் வேறு.

வேண்டுமென்றே குழப்புவோர்

இதுவரை சொன்னவை அறியாமல் நேர்ந்தவை. அறிந்தே செய்வோரும் உண்டு. எம்மைக் குழப்பி, நாம் விரும்பாததைச் செய்ய வைக்கும் திரை அமைப்புகளுக்கு ஹரி பிரிக்னல் என்ற பிரித்தானியர் 2010 இல் 'இருண்ட வடிவங்கள்' என்ற கருத்தில் ஒரு பெயர் சூட்டினார். சேரும் பொத்தான் பெரிதாகவும் நிறமாகவும் இருக்கும். விலகும் வழி எங்கோ ஒரு மூலையில் மங்கிய எழுத்தில் கிடக்கும்.

பிள்ளைகளிடம் தொலைபேசியைக் கொடுக்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். 'போர்ட்நைட்' விளையாட்டை நடத்தும் எபிக் நிறுவனத்தின் மீது ஐக்கிய அமெரிக்க வர்த்தக ஆணைக்குழு குற்றஞ்சாட்டியது. பொத்தான்கள் இடத்துக்கு இடம் மாறிக் குழப்புவதாலும், விளையாட்டு உறக்கத்திலிருந்து விழிக்கும்போதோ பொருளொன்றைப் பார்க்க முயலும்போதோ ஒரு பொத்தான் பட்டாலே பணம் அறவிடப்படுவதாலும் பிள்ளைகளும் பெரியவர்களும் பணத்தை இழந்தார்கள் என்பது குற்றச்சாட்டு. 2022 டிசம்பரில் அந்நிறுவனம் இதற்காக 24 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. அமேசன் நிறுவனமும் 2025 செப்டம்பரில், அங்கத்துவத்தில் சேர்ப்பதும் விலகுவதும் சம்பந்தமான இப்படியொரு வழக்கை முடித்துக்கொள்ள 250 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. விலகும் அந்த வழிக்கு நிறுவனத்துக்குள் வழங்கிய பெயர் 'இலியட்'. நீண்டு செல்லும் ஒரு கிரேக்கப் போர்க் காவியத்தின் பெயர் அது.

பிள்ளை பணத்தைத் தொலைத்துவிட்டால் அடிக்குமுன், அந்தத் திரையை ஒரு முறை நீங்களே திறந்து பாருங்கள்.

என் வினாத்தாள்

பிறரைப் பற்றி இவ்வளவும் எழுதிவிட்டு என்னைப் பற்றிச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

ஒரு தவணைப் பரீட்சையில் என் வகுப்பில் 34 மாணவர்கள். அவர்களில் 11 பேர் கடைசி இரு வினாக்களுக்கும் விடை எழுதவேயில்லை. 'கவனயீனம்' என்று சிவப்பு மையால் எழுதிப் புள்ளியைக் குறைத்தேன். இருவர் சித்தியடையவில்லை. பி-17 விமானத்தின் கதையை வாசித்த அன்றிரவுதான் பழைய கட்டை அவிழ்த்து அந்த வினாத்தாளை எடுத்துப் பார்த்தேன். முதற்பக்கத்தின் அடியில் அழகுக்காக மூன்று நட்சத்திரங்கள் இட்டிருக்கிறேன். எந்த நூலிலும் அது முடிவின் அடையாளம். அந்த இரு வினாக்களும் மறுபக்கத்தில் இருந்தன. 'மறுபக்கம் பார்க்க' என்று ஒரு வரி இல்லை. 11 மாணவர்களும் நான் இட்ட அடையாளத்தைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

அதிபரிடம் போய்ச் சொன்னேன். பதிவேட்டில் புள்ளிகளைத் திருத்தினோம். ஆனால் சித்தியடையாத இருவரில் ஒருவர் அடுத்த தவணைக்கே வரவில்லை. கொழும்பில் ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். வீட்டுக் கஷ்டமும் இருந்ததாகச் சொன்னார்கள். அவரது வாப்பாவைச் சந்தித்து விடயத்தைச் சொன்னேன். "பரவாயில்லை ஹஸ்ரத், அவனுக்குப் படிப்பு ஓடாது எண்டுதான் நாங்களும் நினைச்ச" என்றார். அவர்களை அப்படி நினைக்க வைத்ததில் அந்த மூன்று நட்சத்திரங்களுக்கும் பங்கிருக்கிறது. மகனுக்கும் ஒரு கடிதம் எழுதினேன். இன்னும் பதில் இல்லை.

இப்போதெல்லாம் வினாத்தாளை அச்சுக்குக் கொடுக்குமுன் வேறு வகுப்பு மாணவர் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் அமர்ந்திருப்பேன். விளக்கம் சொல்ல மாட்டேன். அவர் எங்கே தயங்குகிறார், எங்கே திரும்ப வாசிக்கிறார் என்று பார்ப்பது மட்டும்தான் என் வேலை. இத்துறையினரும் இதைத்தான் செய்கிறார்கள். ஐந்து பேரிடம் இப்படிச் சோதித்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்பது யாக்கோப் நீல்சன் என்ற அறிஞரின் வாதம். ஆசிரியனாக இருப்பவனுக்குப் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்பதை அப்போதுதான் அறிந்தேன்.

அதே போல் ஒரு நாள் உம்மாவின் பக்கத்திலும் அமர்ந்தேன். அலுமாரியிலிருந்து தொலைபேசியை எடுத்து, மகளின் தொலைபேசியால் அழைக்கச் சொன்னேன். ஒலித்தது. உம்மா வட்டத்தை அழுத்தினார். நான் வாய் திறக்கவில்லை. வட்டத்தின் கீழே ஆங்கிலத்தில் சிறிதாக ஒரு வரி ஓடியது. மொழியைத் தமிழுக்கு மாற்றலாம் என்பது இத்தனை நாளும் எனக்குத் தோன்றவில்லை. மாற்றினோம். உம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக் கூட்டி வாசித்தார்: "மேலே ஸ்வைப் செய்யவும்." பிறகு என்னைப் பார்த்து, "ஸ்வைப் எண்டா என்ன மகன்?" என்று கேட்டார்.

என் இளைய மகள் எழும்பிப்போய், கொப்பிகளுக்கு ஒட்டும் சிவப்புத் தாளில் ஓர் அம்புக்குறி வெட்டி எடுத்து வந்தாள். பச்சை வட்டம் தோன்றும் இடத்துக்கு நேர் கீழே, தொலைபேசியின் உறையில், மேல் நோக்கி அதை ஒட்டினாள். திரும்ப அழைத்தோம். உம்மா அம்பைப் பார்த்தார், விரலை வைத்தார், மேலே இழுத்தார். அடுத்த அறையிலிருந்த மகளின் முகம் திரையில் வந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இரவு தம்பி அழைத்தபோது நான் வேண்டுமென்றே முற்றத்தில் நின்றுகொண்டேன். உள்ளேயிருந்து தம்பியின் குரல் கேட்டது. "உம்மா! ஆரு எடுத்துத் தந்த?"

"ஆரும் இல்ல. நான்தான்."